சிறுவர்க்கேற்ற பனி வண்டி



தையற்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது, "வளரும் பிள்ளை, சற்றுத் தாராளமாகவே தையுங்கள்" என்று பெற்றோர் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சட்டையைப் பொறுத்தவரை இது சிக்கனமான யோசனைதான். தோள் சற்றுத் தொங்கும். கை சற்று நீளும். நண்பர்கள் இரண்டு நாள் சிரிப்பார்கள். அதனால் வேறு தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் இதே யோசனையை ஓர் இயந்திரம் வாங்கும்போது கைக்கொண்டால் என்ன நேரும்? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

எடுத்துக்காட்டாக நான் தேர்ந்துகொண்ட இயந்திரம் உங்களுக்குப் புதுமையாக இருக்கலாம். அது பனி மோட்டார் சைக்கிள். பனி என்றதும் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளியை நினைத்துக்கொள்ள வேண்டா. வட அமெரிக்காவின் மலைப்பகுதிகளில் மாதக் கணக்கில் மண்ணை மூடிக் கிடக்கும் வெண்பனியைச் சொல்கிறேன். ஆள் இறங்கினால் இடுப்பளவு புதையும் பனி அது. ஐக்கிய அமெரிக்க நாட்டின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரில் என் மகள் குடும்பத்தோடு வாழ்கிறாள். நான் பணி ஓய்வு பெற்ற பின் ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்தேன். என் பேத்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. வயதுக்குச் சற்றுச் சிறிய உருவம். எடை 33 கிலோகிராம். அவளுக்கு எத்தகைய பனி வண்டி பொருந்தும் என்று வீட்டில் பல நாள் ஆராய்ச்சி நடந்தது. பல ஆண்டுகள் பௌதிகப் பாடம் நடத்தியவன் என்பதால் என்னையும் அந்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

முதலில் இவ்வண்டியின் பிறப்பைச் சிறிது பார்ப்போம். பனியின்மேல் செல்லும் இயந்திர ஊர்திகளின் வரலாற்றில் கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பாம்பார்டியே என்பவர் பெரிதும் மதிக்கப்படுகிறார். வால்கோர்ட் என்னும் சிற்றூரில் மோட்டார் பழுது பார்க்கும் தொழில் செய்தவர் அவர். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றான். உடனே அறுவை மருத்துவம் செய்ய வேண்டிய நிலை. சாலைகளையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல ஊர்தி இல்லை. குழந்தை இறந்தது. பனியை வெல்லும் ஊர்தி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று முன்பே முயன்றுவந்த அவர் அம்முயற்சியை விடவில்லை. பற்சக்கரம் ரப்பர்ப் பட்டையைச் சுழற்ற, பட்டை பனியைத் தள்ளிச் செல்லும் அமைப்பை உருவாக்கினார். 1959-இல் ‘ஸ்கி-டூ’ என்னும் சிறிய பனி ஊர்தியையும் வெளியிட்டார்.

அதே தத்துவத்தை மோட்டார் சைக்கிளோடு இணைத்ததே பனி மோட்டார் சைக்கிள். மண் தரையில் ஓடும் பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ‘ஸ்கீ’ என்னும் சறுக்குக் கட்டை ஒன்றைப் பொருத்துவர். பின் சக்கரத்தின் இடத்தில், முதுகில் முட்டுகள் வைத்த ரப்பர்ப் பட்டையைப் பொருத்துவர். கோடையில் இவற்றை எடுத்துவிட்டுச் சக்கரங்களை மாட்டினால் பழைய மோட்டார் சைக்கிளே மீண்டும் கிடைக்கும். ஐடஹோவின் வடபகுதியில் உள்ள சாண்ட்பாயிண்ட் என்னும் ஊரில் ஆலன் மாங்கம் என்பவர் தொடங்கிய ‘டிம்பர்ஸ்லெட்’ நிறுவனம் இத்தகைய அமைப்புகளைப் பலரும் வாங்கும் பொருளாக்கியது. 2015-இல் ‘போலாரிஸ்’ நிறுவனம் அதனை வாங்கிற்று. 2017-இல் கொலராடோ மாநிலத்து ஆஸ்பென் நகரில் நடந்த ‘எக்ஸ் கேம்ஸ்’ குளிர்கால விளையாட்டுகளில் பனி மோட்டார் சைக்கிள் பந்தயமும் இடம்பெற்றது.

ஆள் புதையும் பனியில் இவ்வளவு கனமான வண்டி எவ்வாறு புதையாமல் செல்கிறது? நீங்கள் வகுப்பில் படித்த அழுத்தம் என்னும் பாடம் இங்கே கைகொடுக்கும். எடையைப் பரப்பினால் வகுத்தால் அழுத்தம் வரும். 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நிற்கும்போது அவருடைய இரண்டு காலணிகளும் ஏறத்தாழ 400 சதுர செண்டிமீட்டர் இடத்தை மிதிக்கின்றன என்று கொள்வோம். ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 200 கிராம் எடை விழுகிறது. வண்டியின் பட்டை பனியைத் தொடும் பகுதி 120 செண்டிமீட்டர் நீளமும் 28 செண்டிமீட்டர் அகலமும் உடையது என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 3360 சதுர செண்டிமீட்டர். வண்டியும் ஆளும் சேர்ந்து 220 கிலோகிராம் ஆயினும், அவ்வளவு எடையும் பட்டையின்மேலேயே விழுந்தாலும், ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 65 கிராம்தான் வருகிறது. ஆகவேதான் மனிதன் புதையும் இடத்தில் வண்டி மிதந்து செல்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். பக்கத்து வீட்டு அன்பர் ஒருவர் தம்முடைய 450 சி.சி. வண்டியைப் பட்டையும் ஸ்கீயுமாகக் குறைந்த விலைக்குத் தர முன்வந்தார். "இப்போது சற்றுப் பெரிதாக இருக்கும், இரண்டு மூன்று ஆண்டில் சரியாகிவிடும்" என்பது மருமகனின் எண்ணம். சிறுவர்க்கென்று செய்யப்படும் 110 சி.சி. வண்டியை வாங்கினால் சில ஆண்டுகளில் அது சிறியதாகிவிடுமே என்ற கவலையும் அவருக்கு இருந்தது. பணத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத் தலைவர் எவருக்கும் எழும் நியாயமான கவலைதான் இது. ஆகவே ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தோம்.

முதலாவது, எடையின் விகிதம். பனி வண்டியைக் கைப்பிடியால் மட்டும் திருப்புவதில்லை. ஓட்டுபவர் தம் உடலை ஒருபுறம் சாய்த்து, கால் மிதியின்மேல் எடையை ஊன்றி, வண்டியைச் சாய்க்க வேண்டும். சாய்ந்த பக்கம் வண்டி திரும்பும். பெரிய வண்டி 140 கிலோகிராம் என்று கொள்வோம். 80 கிலோகிராம் எடையுள்ள ஆள் ஏறினால், அவர் எடை வண்டியின் எடையில் பாதிக்கு மேல் இருக்கிறது. அவர் சாய்ந்தால் வண்டியும் இணங்கும். என் பேத்தியின் எடையோ அவ்வண்டியின் எடையில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அவள் சாய்ந்தாலும் வண்டி தன் வழியேதான் செல்லும். அப்படியானால் வண்டியை யார் ஓட்டுகிறார்? வண்டி தன் போக்கில் செல்ல, குழந்தை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இருக்கையின் உயரம். 450 சி.சி. பந்தய வண்டிகளின் இருக்கை ஏறத்தாழ 38 அங்குல உயரத்தில் இருக்கும். சிறுவர்க்கான 110 சி.சி. வண்டிகளில் அது 26, 27 அங்குலமே. தார்ச்சாலையில் கால் நுனி தரையைத் தொட்டால் போதும் என்பார்கள். பனியில் அது போதாது. ஊன்றிய கால் பனிக்குள் இறங்கிவிடும். இறங்கிய அளவுக்கு வண்டியும் சாயும். ஆதலால் பனியில் ஓட்டுபவருக்கு இருக்கையின் உயரம் சாலையில் இருப்பதைவிடக் குறைவாக இருப்பது நன்று. உருவத்தில் சிறிய பெரியவர்களுக்கும் இதே நிலைதான். அவர்கள் இருக்கையின் பஞ்சுப் பகுதியைச் சற்றுச் செதுக்கித் தாழ்த்திக்கொள்வதும், கைப்பிடியைத் தம் பக்கமாகத் திருப்பிக்கொள்வதும் வழக்கம்.

மூன்றாவது, எஞ்சினின் ஆற்றல். 450 சி.சி. எஞ்சின் 50 குதிரைத்திறனையும் தாண்டும். 110 சி.சி. எஞ்சின் பத்துக் குதிரைத்திறனுக்கும் குறைவு. அதிலும் கனமான பட்டையைச் சுழற்றுவதற்கே ஒரு பகுதி செலவாகிவிடும். மலையின்மேல் காற்று மெலிவதால் இன்னும் ஒரு பகுதி குறையும். 300 மீட்டர் உயரத்துக்கு நூற்றில் மூன்று பங்கு குறையும் என்பது பொதுக் கணக்கு. 2000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எனவே சிறிய வண்டியால் ஆழமான புதுப்பனியில் செங்குத்தான மலை ஏற முடியாது என்பது உண்மை. ஆனால் பன்னிரண்டு வயதுக் குழந்தை அங்கே போகத்தான் வேண்டுமா? அழுத்திச் சமப்படுத்திய பனித்தடத்திலும், வீட்டாரின் கண்ணெதிரே உள்ள மெல்லிய சரிவிலும் பழகுவதற்கு அந்த ஆற்றல் போதும். பதினைந்து பதினாறு வயதாகி உடல் வளர்ந்தவர்க்கும் உயரங்குறைந்த பெரியவர்க்கும் 250 சி.சி. வண்டிகள் நல்ல இடைப்படி.

நான்காவது, பட்டை. பெரியோர்க்கான பட்டைகளின் முழுச் சுற்றளவு 120 அங்குலம் முதல் 137 அங்குலம் வரை இருக்கும். பட்டை நீண்டால் மிதப்பு மிகும். அதே வேளையில் திருப்புவதும் கடினமாகும். எஞ்சினின் சுமையும் ஏறும். பட்டையின் முட்டுகள் உயர்ந்தால் ஆழ்பனியைப் பற்றித் தள்ளும். கெட்டித்த பனியில் அந்த உயரத்தால் பயனில்லை. குழந்தையோ எடை குறைந்தவள். அவளுக்கு மிதப்பு இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. ஆகவே குட்டையான பட்டையும் தாழ்ந்த முட்டுகளுமே அவளுக்கு ஏற்றவை. 110 சி.சி. வண்டிகளுக்கென்றே ‘ரிப்பர்’ என்னும் பெயரில் சிறுவர் அமைப்பு ஒன்றை டிம்பர்ஸ்லெட் நிறுவனம் முன்பு வெளியிட்டதும் இந்தத் தேவையை உணர்ந்தே.

ஐந்தாவது, சுருள்வில். வில் நீளும் அளவு அதை இழுக்கும் விசைக்கு ஏற்ப அமையும் என்பதை இராபர்ட் ஹூக் 1678-இல் அச்சிட்டு விளக்கினார். வண்டியின் சுருள்வில்லுக்கும் இதே விதிதான். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் வில் ஓரளவு அமிழ வேண்டும். பள்ளம் வரும்போது நீளவும் மேடு வரும்போது சுருங்கவும் அப்போதுதான் அதற்கு இடம் இருக்கும். 80 கிலோகிராம் ஆளுக்கென்று அமைத்த வில்லின்மேல் 33 கிலோகிராம் குழந்தை உட்கார்ந்தால் அது அமிழாது. இருக்கை உயர்ந்தே நிற்கும். ஒவ்வொரு மேடும் குழந்தையின் முதுகில் இடிக்கும். வில்லைப் பிடித்திருக்கும் திருகு வளையத்தைத் தளர்த்தினால் இருக்கை சிறிது தாழுமேயன்றி வில்லின் விறைப்பு மாறாது. விறைப்புக் குறைய வேண்டுமானால் மென்மையான வேறு வில்லையே மாட்ட வேண்டும். சில அமைப்புகளில் வில்லுக்குப் பதிலாக அடைத்த காற்று இருக்கும்; அங்கே காற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆறாவது, கைக்கும் காலுக்கும் எட்டும் கருவிகள். தடித்த கையுறை அணிந்த சிறு விரல்கள் கிளட்ச் பிடியை எட்ட வேண்டும்; எட்டாவிடில் பிடியை உட்புறமாக நகர்த்தி அமைக்க வேண்டும். முன் சக்கரம் இல்லாததால் முன் பிரேக்கும் இல்லை. பட்டையை நிறுத்தும் பிரேக் ஒன்றே உண்டு. ஆகவே அதன் மிதி காலணியோடு எளிதில் எட்டுகிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது. பல சிறுவர் வண்டிகளில் கிளட்ச் தானே இயங்கும். கியர் மாற்றினால் போதும். எஞ்சின் திடீரென்று அணைவதில்லை. பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்பும் வசதியும் வேண்டும். புதைபனியில் ஒரு காலை ஊன்றி மறு காலால் உதைத்துக் கிளப்புவது பெரியவர்க்கே அரும்பாடு. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிறு ஒன்றை மணிக்கட்டோடு பூட்டிக்கொள்ள வேண்டும். எரிபொருள் திருகு எவ்வளவு திரும்பலாம் என்று வரையறுக்கும் ஆணி சில சிறுவர் வண்டிகளில் உண்டு. தொடக்கத்தில் அதைக் குறைத்து வைத்துக் கற்பிப்பதும், பழகப் பழகத் தளர்த்துவதும் ஆசிரியர்கள் பாராட்டும் முறையாகும்.

மாணவ மாணவியரே, ஆறு செய்திகளையும் கேட்டுவிட்டு என் பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தில் பெரிய வண்டியின்மேல் இருந்த ஆசை அப்படியே இருந்தது. அந்த வயதில் அது இயல்பு. ஆகவே அவளைக் கொண்டே ஒரு சோதனை செய்தோம். பக்கத்து வீட்டு முற்றத்தில் பனியின்மேல் அப்பெரிய வண்டியை எஞ்சின் ஓடாத நிலையில் மெல்லச் சாய்த்து வைத்து, "தூக்கி நிறுத்தம்மா" என்றோம். கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். காலடிப் பனி குழிந்ததே தவிர வண்டி அசையவில்லை. மருமகன் உதவப் போனார், நான் தடுத்தேன். சற்று நேரம் கழித்து அவளே திரும்பிப் பார்த்து, "தாத்தா, காட்டுக்குள்ளே நான் மட்டும் இருந்தால் என்ன செய்வது?" என்று கேட்டாள். ஆறு செய்திகளும் சொல்லாததை அந்த ஒரு கேள்வி சொல்லிவிட்டது. பனியில் விழுவது பெரும்பாலும் மெத்தையில் விழுவது போன்றதுதான். விழுந்த வண்டியை எழுப்ப முடியாமல் குளிரில் நிற்பதே பேராபத்து. இத்தகைய வண்டிகளில் பின்னோக்கிச் செல்லும் கியரும் பொதுவாக இராது. தன்னால் எழுப்ப முடியாத வண்டியில் எவரும் தனியே செல்லலாகாது.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரி காட்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது கீழே 20 டிகிரியாகத் தோன்றும். வண்டியின் வேகமே அத்தகைய காற்றை உண்டாக்கிவிடும். சிறிய உடலுக்கு எடையை நோக்கப் பரப்பு மிகுதி. ஆதலால் குழந்தை பெரியவரைவிட விரைவில் வெப்பத்தை இழக்கும். தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, காலணி ஆகியவையும் அவளவளுக்கு அளவானவையாக இருக்க வேண்டும். தலைக்கவசத்தில் "வளர்ந்தால் சரியாகும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. மலைப்பக்கம் செல்வோர் பனிச்சரிவை மறத்தல் கூடாது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளிலேயே அது மிகுதியாக நிகழ்கிறது. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் மீட்டால்தான் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே இருப்பிடம் காட்டும் வானொலிக் கருவியும், துழாவு கோலும், மண்வெட்டியும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அவற்றைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். குழந்தைகளை அத்தகைய சரிவுகளின் அடிவாரத்துக்கும் அழைத்துச் செல்லாதிருப்பதே நேர்வழி.

முடிவில் என் மகள் வீட்டார் பழைய 110 சி.சி. வண்டி ஒன்றையும் அதற்கேற்ற சிறிய பட்டையையும் வாங்கினார்கள். பேத்தி வளர்ந்ததும் அது அவள் தம்பிக்குப் போகும் என்று கணக்கிட்டதில் மருமகனின் கவலையும் தீர்ந்தது. அவ்வண்டியைப் பனியில் சாய்த்து வைத்தபோது, இரண்டு முயற்சி தவறி மூன்றாம் முயற்சியில் அவளே அதை எழுப்பி நிறுத்தினாள். அதன் பிறகே எஞ்சினைக் கிளப்ப அவளுக்கு அனுமதி கிடைத்தது.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறையைப் பாடமாகக் கற்றோம். 1907-இல் உரோம் நகரில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் குழந்தையின் உயரத்துக்குச் செய்யப்பட்டிருந்தன. 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். குழந்தை தானே நகர்த்தக்கூடிய நாற்காலியில்தான் பொறுப்பைக் கற்றுக்கொள்கிறது. நகர்த்த முடியாத நாற்காலியில் பிறரை எதிர்பார்க்கவே கற்றுக்கொள்கிறது. இந்தக் கருத்து வகுப்பறைக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு பனிமலைக்கும் பொருந்துகிறது.

உங்களில் பலர் வெண்பனியைக் காணாமலே இருக்கலாம். ஆனால் மிதிவண்டி ஏறாதவர் சிலரே. அண்ணனின் உயரமான மிதிவண்டியில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பெருமையை நம் ஊர்களில் பலரும் சொல்லிக்கொள்வார்கள். அதில் முழங்கால் சிராய்த்தவர்களும் அவர்களே. அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் தம்பி தங்கையர்க்கோ ஒரு வண்டி வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். உட்கார்ந்தால் கால் உறுதியாக ஊன்றுகிறதா? பிரேக் பிடி விரலுக்கு எட்டுகிறதா? விழுந்தால் தானே தூக்கி நிறுத்த முடிகிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்ற விடை கிடைத்தால் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது செலவுக்கு மட்டும் உரியதன்று. கையில் எடுக்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் உரியது.